ஏழு குஞ்சுகளுக்குக் கட்டிய மஞ்சள் நூல்

எங்கள் ஊரில் கோழிக்குஞ்சுக்கு அடையாளம் வைப்பது கால்விரலில்தான். பொரித்து மூன்று வாரமானதும் ஒருவர் குஞ்சைக் கையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதன் காலை அரிவாள்மணையில் வைத்து ஒரு விரலின் நுனியை நறுக்கிவிடுவார். எந்த விரல் என்பது வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் வீட்டுக்கு வலது கால் வெளிவிரல். பக்கத்து வீட்டுக்கு இடது கால் நடுவிரல். குப்பைமேட்டில் நாலு வீட்டுக் கோழிகள் சேர்ந்து மேய்ந்தாலும், தகராறு என்று வந்தால் கோழியைத் தூக்கிக் காலைப் பார்த்ததும் தீர்ந்துவிடும்.

இதை நான் கல்யாணமாகி வந்த பிறகுதான் பார்த்தேன். நான் பிறந்தது புதுக்கோட்டை டவுனில். எங்கள் வீட்டில் கோழி கிடையாது. எட்டாம் வகுப்புவரை படித்தேன். பள்ளிக்கூடத்தில் தையலும் பூவேலையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஊசிகள், ஒரு சின்னக் கத்திரிக்கோல், ஐந்தாறு நிறத்தில் நூல் என்று ஒரு தகரப்பெட்டி என்னோடு இந்த ஊருக்கு வந்தது. அந்தப் பெட்டியில் இருந்த மஞ்சள் நூலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் எனக்கு ஏதாவது தெளியுமோ என்று ஒரு எண்ணம். தெளியாது என்றும் தோன்றுகிறது.

அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மகள், என் கணவரின் அக்கா. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். பிள்ளை இல்லை. மாமனாரும் மாமியாரும் போன பிறகு வயல், மாடு, வீடு எல்லாம் அவர் கையில்தான் நடந்தன. என் கணவர் புதுக்கோட்டையில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். வழியில் மேட்டில் நின்றுவிட்டால் அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வந்து சேருவார்.

மகளுக்கு இரண்டரை வயது. தை மாதத்தில் அவளுக்குத் தட்டம்மை போட்டது. மூன்று தண்ணீர் ஊற்றி அம்மை இறங்கிவிட்டது என்றார்கள். ஆனால் அம்மையோடு வந்த வயிற்றுப்போக்கு இறங்கவில்லை. இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் மறுபடி தொடங்கும். தொடைச் சதை வற்றித் தோல் மடிந்து தொங்கியது. பாதம் மட்டும் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே இருக்கும். நான் ஒரு நாளைக்குப் பத்து தடவை அழுத்திப் பார்ப்பேன்.

மாசியில் அவளைப் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "கஞ்சி மட்டும் குடுத்தா இப்படித்தான் இருக்கும். முட்டை குடுங்க. விடைக்கோழி அடிச்சுச் சாறு வச்சுக் குடுங்க. வாரத்துல மூணு நாளாவது. ஆட்டுக்கறி இவளுக்குச் செரிக்காது" என்றார். என் கணவர் அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் இன்னமும் என்னிடம் இருக்கிறது.

விடைக்கோழி என்பது மூன்று நான்கு மாத இளங்கோழி. சொல்வது எளிது. அதற்கு முந்தின வருஷம் வந்த கழிச்சல் நோயில் ஊரில் பாதிக் கோழி போய்விட்டது. மிஞ்சியதையும், பட்டாளத்துக்குப் போகிறது என்று சொல்லி ஒரு வியாபாரி கூடை கூடையாகக் கட்டிக்கொண்டு போனான். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கருப்புப் பெட்டைக்கோழி. அது அப்போது முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மதினி என்னிடம் கேட்டார்.

"இந்தா, பதினோரு முட்டை சேந்திருக்கு. புள்ளைக்குத் தினம் ஒண்ணா அவிச்சுக் குடுக்குறியா, அடை வைக்கவா? அடை வச்சா மூணு மாசத்துக்கு அது முட்டை போடாது. நீதான் படிச்சவ, சொல்லு."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினோரு முட்டை பதினோரு நாளில் தீர்ந்துவிடும். பதினோரு குஞ்சு என்றால் மாதக்கணக்கில் சாறு. அடை வையுங்கள் என்றேன். இன்று வரை முதலில் என் மனம் போய் நிற்பது அந்த இடத்தில்தான். கையில் இருந்த முட்டையைக் கோழிக்கு அடியில் வைத்துவிட்டு, பிள்ளைக்குக் கஞ்சியைக் கொடுத்தேன்.

ஒன்பது பொரித்தது. இரண்டைப் பருந்து தூக்கியது. ஏழு நின்றது. அவற்றை நான் வளர்த்ததுபோல் இந்த ஊரில் யாரும் கோழி வளர்த்திருக்க மாட்டார்கள். ஓட்டைக் கலயத்தில் சாணியும் வைக்கோலும் போட்டுத் தண்ணீர் தெளித்துப் புற்று மண்மேல் கவிழ்த்து வைத்தால், மறுநாள் அதில் கரையான் ஏறியிருக்கும். அதைக் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு நடுவில் தட்டுவேன். குருணையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது ஒனக்கு, இதுவும் ஒனக்கு" என்று ஒவ்வொன்றாகக் காட்டுவேன். அவள் விரலை நீட்டுவாள். சிரிப்பதற்கு அவளுக்குத் தெம்பு இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்ப்பாள். வாய் நீளமே தவிர மனம் கெட்டவள் இல்லை.

"ஏத்தா டவுனுப்புள்ள, கோழிக்குஞ்சுக்கு எலை போட்டுப் பரிமாறலையா?"

"ஒங்க கோழி வந்து தின்னுட்டுப் போகுதுல்ல, அதுக்குப் போட்டாச்சு" என்பேன்.

"எங்க கோழிக்கு இந்த வீட்டுச் சோறுதான் ருசி. எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். ஒரு குஞ்சை இங்கிட்டுத் தள்ளிவிடேன்."

விளையாட்டுக்குத்தான் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் குஞ்சுகளை எண்ணிப் பார்ப்பேன். அவள் வீட்டிலும் அந்த வாரம் குஞ்சு பொரித்திருந்தது. இரண்டு வீட்டுக் குஞ்சும் ஒரே சாம்பல் நிறம். கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

மூன்று வாரமானதும் மதினி அரிவாள்மணையை எடுத்துவந்து, "புடி, விரலை வாங்கிருவோம்" என்றார். நான் முதல் குஞ்சைப் பிடித்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. நாளைக்குப் பார்க்கலாம் மதினி என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அவர் புகுந்த வழிச் சொந்தத்தில் ஒரு சாவு என்று செய்தி வந்து புறப்பட்டுப் போனார். திரும்பி வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் குஞ்சுகள் கலந்துவிடுமே என்ற பயத்தில்தான் நான் தகரப்பெட்டியைத் திறந்தேன். சிவப்பு நூல் தீர்ந்திருந்தது. பச்சை நூல் புல்லில் தெரியாது. மஞ்சள் கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். ஏழு துண்டு வெட்டி, ஏழு காலிலும் தளர்வாகக் கட்டினேன். இரத்தம் இல்லாமல் வேலை முடிந்தது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி வேலியருகே வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். குரலில் விளையாட்டு இல்லை.

"என்னத்தா இது, ஏழும் கருப்பருக்கா?"

கருப்பர் ஊர் எல்லையில் இருக்கும் காவல் தெய்வம். ஏன் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது: ஆமாம் என்று சொன்னால் இனி இவள் இந்தக் குஞ்சுகளைக் கேட்க மாட்டாள், கண்ணும் வைக்க மாட்டாள். கண்ணேறில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நான் பல தடவை என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தும் தலையை ஆட்டினேன்.

"ஆமா. கருப்பருக்குத்தான்."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "புள்ளைக்காக நேந்துக்கிட்டியாக்கும். நல்ல காரியம். இனி நான் குஞ்சுன்னு வாயத் தொறந்தா கேளு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தப் பக்கத்தில் கோழிக்காலில் மஞ்சள் நூல் கட்டினால் அது சாமிக்கு நேர்ந்துவிட்டது என்று அர்த்தம். விரல் நறுக்கினது வீட்டுக் கோழி. நூல் கட்டினது சாமி கோழி. பால் குடிக்கிற பிள்ளைக்கும் இங்கே அது தெரியும். எனக்குத் தெரியாது.

மதினி ஊர் திரும்புமுன்பே செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போய், பஞ்சாரக் கூடையைத் தூக்கிக் குஞ்சுகளைப் பார்த்தார். நான் பின்னால் போய் நின்றேன். நூல் எதற்குக் கட்டினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் திரும்பி என் முகத்தைத் தடவினார். நான் இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"படிச்ச புள்ளை, சாமி பூதம்னு நெனைக்க மாட்டான்னு இருந்தேன். நான் நேந்துக்கணும்னு நெனைச்சதை நீ செஞ்சிருக்க. ஏழையும் குடுக்குறேன்னு சொன்னியே, எனக்குக்கூட அம்புட்டு மனசு வந்திருக்காதுத்தா."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அடையாளத்துக்குக் கட்டினது மதினி, எனக்குத் தெரியாது என்று ஒரு வரி. அவர் திட்டியிருப்பார். பூசாரியிடம் கேட்டு ஒரு தேங்காயை உடைத்து முடித்திருப்பார்கள். ஆனால் அவர் கை என் கன்னத்தில் இருந்தது.

சாமி கோழியை வீட்டுக் கறிக்கு அடிக்கக் கூடாது. ஆடியில் கருப்பருக்குப் படையல் போடும்போது எல்லையில் வைத்துத்தான் அறுப்பார்கள். அங்கேயே சமைத்து, அங்கேயே ஆண்கள் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். பெண்கள் தொடக் கூடாது, ஓர் எலும்பு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அப்படியானால் என் மகளுக்கென்று ஊறவைத்த குருணையும் பொறுக்கிய கரையானும் யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரிந்தது.

குஞ்சுகள் வளர வளரக் கால் தடித்தது. நூல் இறுகாமல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவிழ்த்து, புது நூல் வெட்டித் தளர்த்திக் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் கட்டாமல் விட்டுவிடலாம் என்று நினைப்பேன். மதினி பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் குழைத்துக் கொடுப்பார். கட்டிவிடுவேன்.

மகளுக்கு மதினி என்னென்னவோ செய்தார். வசம்பு சுட்டுத் தேனில் குழைத்தார். மாதுளம்பிஞ்சு அரைத்தார். கட்டுமாவடிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து கருவாட்டுக் கூடை கொண்டுவரும் அம்மாவிடம் பச்சை மீன் கொண்டுவரச் சொன்னார். வந்த மீன் வெயிலில் கெட்டிருந்தது. இரண்டு தடவை வேறு ஊரிலிருந்து கோழி வாங்கிவந்து சாறு வைத்தார். அந்தச் சாறு குடித்த நாட்களில் மகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எங்கும் கோழி கிடைக்கவில்லை. கொல்லையில் ஏழு கோழி கொழுத்துத் திரிந்தன.

வைகாசி கடைசியில் என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்.

"நூலை அறுத்துட்டு ஒண்ணை அடிச்சிரு. புள்ளையைவிடவா?"

"நீங்க மதினிகிட்டச் சொல்லுங்க."

"நீயே சொல்லிரு. நான் சொன்னா, பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுறான்னு நெனைக்கும்."

"அப்ப ஞாயித்துக்கெழமை நீங்க இருக்கும்போதே அடிச்சிருவோமா?"

"அடுத்த வாரம் பாப்போம்" என்றார். அவரும் பயந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. நானும் அவரும் ஒன்றுபோலத்தான்.

அடுத்த வாரத்துக்கு முன் கழிச்சல் வந்துவிட்டது. கோழி சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கும். வெள்ளையாகக் கழியும். சில கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஊரில் ஒரு கோழி விழுந்தது தெரிந்ததும் எல்லா வீட்டிலும் உள்ளதை அவசரமாக அடித்துக் குழம்பு வைத்தார்கள். ஐந்தாறு நாளாகத் தெரு முழுக்கக் கறி வாசனை. பக்கத்து வீட்டுக்காரி வேலியருகே வந்து, "ஒண்ணு மிச்சம் இருக்குத்தா. நாளைக்கு அடிக்கிறோம். புள்ளைக்குக் கொஞ்சம் சாறு தரவா?" என்று கேட்டாள். மதினி வேண்டாம் என்றுவிட்டார். "சீக்குக் கோழியைப் புள்ளைக்குக் குடுக்குறதா" என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

எங்கள் கொல்லையில் முதல் நாள் ஒன்று செத்தது. அடுத்த நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரே நாளில் இரண்டு. ஒரு வாரத்தில் ஐந்து போயின. மஞ்சள் நூலோடு ஒவ்வொன்றையும் மதினி கொல்லைக் கோடியில் புதைத்தார். "அவரு கேட்ட நேரத்துல எடுத்துக்கிறாரு" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தாய்க்கோழியும் செத்தது. அதன் காலில் நூல் இல்லை, ஆனாலும் செத்தது. நான் இதை எத்தனையோ தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மிஞ்சியது இரண்டு. ஒரு பெட்டை, ஒரு சேவல்.

அன்று வியாழக்கிழமை. மகள் காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் இமை மட்டும் அசைந்தது. மதினி கிணற்றடி வயலுக்குப் போயிருந்தார், வர மத்தியானம் ஆகும். நான் மகளைத் தூளியில் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனேன். பெட்டைதான் கைக்கு அகப்பட்டது. அதைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்கவில்லை, அது ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. காலையில் போட்ட கம்பை அது கொத்தாமல் நின்றது நினைவிருக்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியதும் நினைவிருக்கிறது. வெயில் கடுமையாக இருந்தால் நல்ல கோழியும் அப்படித்தான் செய்யும். அன்று வெயில் கடுமையாகத்தான் இருந்தது.

தகரப்பெட்டிக் கத்திரிக்கோலால் நூலை வெட்டினேன். மாட்டுக்கொட்டகையில் அரிவாள்மணையை வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு குஞ்சின் விரலை நறுக்க முடியாத நான் அதன் கழுத்தை அறுத்தேன். ஒரே தடவையில் ஆகவில்லை.

இறகைப் புதைத்தேன். குடலை எடுக்கும்போது அதில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, கொதிக்கக் கொதிக்க ஒரு மணி நேரம் வேகவைத்தேன். நன்றாகக் கொதித்த எதிலும் நோய் நிற்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். மகள் நாலு சங்கு குடித்தாள். ஐந்தாவது வாயோரம் வழிந்தது. குடித்துவிட்டுத் தூங்கினாள். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தாற்போல் இருந்தது.

வெட்டிய நூலை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்பில் போட நினைத்துக் கையை நீட்டினேன், முடியவில்லை. விளக்கு மாடத்தில் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்தேன்.

மதினி வந்தார். வாசலிலேயே வாசனை தெரிந்திருக்கும். சட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். கொல்லைக்குப் போய்ச் சேவல் மட்டும் நிற்பதைப் பார்த்தார். கைகால் கழுவிக்கொண்டு வந்து கஞ்சி குடித்தார். என்ன சொல்லித் திட்டுவார் என்று நான் சாயங்காலம் வரை காத்திருந்தேன். விளக்கேற்றப் போனவர் மாடத்தருகே கொஞ்ச நேரம் அதிகமாக நின்றார்.

மறுநாள் காலையில் மகளுக்குத் துணி மாற்றும்போது பார்த்தேன். அவள் வலது கணுக்காலில் மஞ்சள் நூல். நான் மாடத்தில் வைத்த துண்டோடு புது நூலை முடிந்து, மஞ்சள் தடவிக் கட்டியிருந்தது. வீங்கிய காலில் அழுத்தாதபடி தளர்த்திக் கட்டியிருந்தது, நான் கோழிக்குக் கட்டியதுபோலவே.

மதினி அடுப்படியிலிருந்து சொன்னார். "நான்தான் கட்டுனேன். நீ எடுத்ததுக்குப் பதிலா இவளை அவருக்குப் புள்ளையாக் குடுத்துட்டேன். இனி இவ அவரு புள்ளை. தன் புள்ளைய அவரு விட்டுற மாட்டாரு. நீ பயப்படாத."

"மதினி, நான் அந்த நூலை அடையாளத்துக்குத்தான் கட்டுனேன். நேந்துக்கல."

மூன்று மாதமாக வராத சொல் அப்போது வந்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்ப வந்து சொல்லாதத்தா."

அவ்வளவுதான் சொன்னார். கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

தெய்வத்துக்குப் பிள்ளையைத் தத்துக் கொடுப்பது இங்கே வழக்கம்தான். அப்படிக் கொடுத்த பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அதை நான் அறிவேன். ஆனால் நான் ஏழு கோழிக்கு அந்த நூலைக் கட்டியவள். அது எந்தக் காலில் கிடந்ததோ அது எல்லைக்குப் போகவேண்டியது என்றுதான் என் கண் பார்க்கப் பழகியிருந்தது. மகள் காலைப் பார்க்கும்போதெல்லாம் அவிழ்த்துவிடலாம் என்று கை போகும். அவிழ்த்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? கட்டியிருக்கும்போதே ஆகிவிட்டால்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே அவள் பாதத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானத்திலிருந்து அவளுக்கு வாந்தியும் சேர்ந்துகொண்டது. சாறு ஒத்துக்கொள்ளவில்லையா, நோய் அதன் வழியில் போனதா, யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பஸ் வழியில் நின்றுவிடாமல் வந்தது. என் கணவர் இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். மகளைத் தூக்கி மடியில் வைத்தவர் காலைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கருப்பருக்குப் புள்ளையாக் குடுத்திருக்கு, தம்பி" என்றார் மதினி.

அவர் கை நூல்மேல் போனது. நகத்தில் மாட்டி இழுத்தால் அறுந்துவிடும், அவ்வளவு மெல்லிய நூல். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டார். விடிந்ததும் வண்டி கட்டிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டைப் பூட்டி வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தபோது, மதினியின் மடியில் அவள் போய்விட்டாள்.

குளிப்பாட்டும்போது மதினி அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அறுத்துரவா? இருக்கட்டுமா?"

இந்த வீட்டில் முட்டை விஷயத்துக்குப் பிறகு அவர் என்னைக் கேட்டது அது ஒன்றுதான். எனக்குத் தெரியலையே மதினி என்றேன். வாசலில் ஆண்கள் நேரமாகிறது என்றார்கள். நூலோடுதான் போனாள்.

சேவல் சாகவில்லை. ஆடியில் அதைப் படையலுக்கு அனுப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் மனைவி வேலியருகே நின்றாள். படையல் முடிந்து சாமியாடி திரும்பி வரும் வழியில் விளக்கு வைத்துக் கும்பிடுவது மதினி வழக்கம். அந்த வருஷம் அவர் விளக்கு வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கருப்பரைக் கும்பிட எல்லைக்குப் போவதும் நின்றுவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. சில மத்தியானங்களில் வேலை முடிந்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவர் எதையோ சொல்ல வருவதுபோல் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

இப்போது எனக்கு ஒரு மகன். பதினான்கு மாதம் ஆகிறது. நன்றாக இருக்கிறான். இருந்தாலும் பாதத்தை அழுத்திப் பார்க்கிற பழக்கம் எனக்குப் போகவில்லை. குழி விழுவதில்லை. மறுபடி அழுத்துவேன்.

மதினி எங்கிருந்தோ ஒரு பெட்டைக்கோழி வாங்கிவந்தார். இந்தத் தடவை முதலில் வந்த முட்டைகளை எல்லாம் பையனுக்கு அவித்தோம். பிறகு வந்ததைத்தான் அடை வைத்தோம். எட்டு பொரித்தது. போன வாரம் மூன்று வாரம் ஆயிற்று. மதினி அரிவாள்மணையைக் கொல்லையில் போட்டு உட்கார்ந்தார்.

"புடிக்கிறியா? இல்ல, அவளைக் கூப்புடவா?" என்று வேலிப்பக்கம் தலையைக் காட்டினார்.

"நானே புடிக்கிறேன் மதினி."

ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். வலது கால், வெளிவிரல். நான்காவது குஞ்சுக்கு மதினி விரலைத் தடவித் தேடினார். அவருக்கு இப்போது பக்கத்தில் உள்ளது சரியாகத் தெரிவதில்லை. நான் இடம் மாறி உட்கார்ந்தேன். மீதி நாலையும் அவர் பிடித்துக்கொள்ள, நான் நறுக்கினேன். குஞ்சு ஒரு தடவைதான் கத்துகிறது. கீழே விட்டதும் ஓடிப்போய்த் தாயோடு சேர்ந்து குருணையைக் கொத்தத் தொடங்கிவிடுகிறது. புழுதியில் அதன் காலடி பட்ட இடத்தில் எல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி. என் மகன் அந்தப் புள்ளிகளைத் தொடப் போனான். மதினி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளிகள்மேல் தூவ என்னிடம் கொஞ்சம் சாம்பல் எடுத்துவரச் சொன்னார்.